ஒரே அறையில் பல வகுப்புகள்: ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும், குறுவள மையக் (அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான பொது மையம்) கூட்டங்களுக்கு வரும் தலைமை ஆசிரியர்களும், சில நேரம் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் உள்ளன. முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பது, ஆள் இல்லாததால் செய்கிற தற்காலிக ஏற்பாடுதானே?

தற்காலிகம் என்று நினைத்துக்கொண்டிருப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூவர்; 91 முதல் 120 வரை நால்வர். குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் இதனோடு சேரும்போது, 25 பிள்ளைகளும் 30 பிள்ளைகளும் படிக்கும் சிறிய பள்ளிகள் இருந்தே தீரும். எல்லாப் பணியிடங்களும் நிரம்பியிருந்தாலும் அங்கே ஐந்து வகுப்புகளுக்கு இருவர்தான். எனவே அடுத்த மாதம் யாராவது வருவார்கள் என்று காத்திராமல், ஆண்டு முழுவதும் இப்படித்தான் நடக்கும் என்று வைத்து ஜூன் மாதமே திட்டமிடுவது நல்லது.

ஆசிரியருக்குப் பஞ்சமில்லாத இடங்களிலும் விரும்பியே வயது கலந்து நடத்துகிறார்கள். மாண்டிசோரி பள்ளிகளில் ஆறு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதுதான் வழக்கம். ஆனால் அங்கே பிள்ளை தானே எடுத்துச் செய்யும்படியான கருவிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. நம் பள்ளிகளில் அந்தக் குறையை ஆசிரியரின் முன்னேற்பாடு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

2. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். எப்படித்தான் பிரித்துக்கொள்வது?

1, 2, 3 வகுப்புகளை ஒருவரும் 4, 5 வகுப்புகளை மற்றவரும் எடுப்பது ஒரு வழி. 1, 2 ஒருவருக்கும் 3, 4, 5 மற்றவருக்கும் என்பது இன்னொரு வழி. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத்தான் முதலில் வந்தது. 2023-24இல்தான் 4, 5 வகுப்புகளுக்கு நீட்டிக்கப்பட்டது. பயிற்சி நூல்களும் பயிற்சிகளும் அந்தப் பிரிவையொட்டி அமைந்ததால் முதல் வழியே ஒத்துவருகிறது. முதல் வகுப்பில் மட்டும் பிள்ளைகள் மிக அதிகமாக இருந்தால் இரண்டாவது வழியை எண்ணிப் பார்க்கலாம்.

யார் எதை எடுப்பது என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதைவிட, யாருடைய நேரம் அடிக்கடி உடைகிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம் என்பேன். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையதளம்) பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி என எல்லாம் தலைமை ஆசிரியரையே தேடி வருகின்றன. முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் தனியே விட முடியாது. ஐந்தாம் வகுப்பை விடலாம். எனவே தலைமை ஆசிரியர் 4, 5 வகுப்புகளை எடுப்பதே நடைமுறைக்கு உகந்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. கவனிக்காமல் விட்டால் பெரிய பிள்ளைகள் பாதி நாள் ஆசிரியர் இல்லாமலே படிப்பார்கள். முற்பகலின் முதல் இரண்டு பாடவேளைகளை அலுவலக வேலை தீண்டக் கூடாது என்று தலைமை ஆசிரியர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

3. ஒரே அறையில் மூன்று வகுப்பு என்றால் யாரை எங்கே உட்கார வைப்பது?

எல்லாரும் ஒரே கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தால், மூன்றாம் வகுப்புக்கு நடத்தும்போது மற்ற இரண்டு வகுப்புகளும் வேடிக்கை பார்க்கத்தான் செய்யும். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு சுவரைப் பார்த்து, பாயில் வட்டமாக உட்காரட்டும். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்தில் சுவரோரமாகப் பிள்ளைகள் உயரத்துக்குப் போடப்பட்ட கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை அலமாரியாலும் மூட்டைகளாலும் மறைத்து வைத்திருந்தால் முதலில் அவற்றை நகர்த்துங்கள்.

ஆசிரியர் எந்தக் குழுவோடு உட்கார்ந்தாலும் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து, அறை முழுவதும் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். வாய்விட்டுப் படிக்கும் குழு வராந்தாவுக்குப் பக்கத்திலும், எழுதும் குழு வெளிச்சம் விழும் சன்னலோரத்திலும் இருக்கட்டும். பென்சில், துருவி, கணக்குக் குச்சிகள், தாள் ஆகியவை பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். "டீச்சர், துருவி" என்று ஒரு பிள்ளை எழுந்து வரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் குழுவின் பாடம் அறுபடுகிறது.

4. குழுவை வகுப்பு வாரியாகப் பிரிப்பதா, பிள்ளையின் நிலை வாரியாகப் பிரிப்பதா?

பாடத்தைப் பொறுத்தது. தமிழ் வாசிப்பிலும் அடிப்படைக் கணக்கிலும் நிலை வாரியாகப் பிரிப்பதே பயன் தரும். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (வகுப்புக்குரிய நிலை) என்ற மூன்று நிலைகளும் இதற்காகவே வகுக்கப்பட்டவை. சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களைச் சேர்த்தே நடத்தலாம். ஓவியம், பாட்டு, கைவேலை, விளையாட்டு ஆகியவற்றில் ஒவ்வொரு குழுவிலும் எல்லா வயதினரும் இருக்கும்படி கலந்துவிடுங்கள்.

கணக்கில் மலர் நிலையில் இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பு நிலையில் இருக்கக்கூடும். ஒரே குழுவை எல்லாப் பாடங்களுக்கும் வைத்துக்கொண்டால், "நான் அரும்பு" என்று பிள்ளையே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நிலை வந்துவிடும். மாதம் ஒரு முறையாவது குழுக்களை மாற்றி அமையுங்கள். மாற்றமே இல்லாமல் ஒரு பருவம் போனால் மதிப்பீடு ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள். அலுவலர் பார்வைக்கு வரும் நாளில் மட்டும் அவசரமாக வகுப்பு வாரியாக உட்கார வைக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பிரித்ததற்கான காரணத்தைச் சொல்ல முடிந்தால் அது தேவையே இல்லை.

5. நான் ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற குழுக்கள் என்ன செய்யும்?

பல்வகுப்புக் கற்பித்தலின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். பாடத்தைத் திட்டமிடுவதற்கு முன்னால் ஆசிரியரின் உட்காரும் நேரத்தைத் திட்டமிட வேண்டும். 3, 4, 5 வகுப்புகளுக்கு 40 நிமிடக் கணக்குப் பாடவேளை என்று கொள்வோம். முதல் 5 நிமிடம் எல்லாருக்கும் சேர்த்து வாய்க்கணக்கு. அடுத்த 12 நிமிடம் ஆசிரியர் மூன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்து, 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லித்தருகிறார்: ஐந்து பத்துக்கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் வைத்து, ஏழை எடுக்க உதிரி போதாததால் ஒரு கட்டைப் பிரித்துப் பன்னிரண்டாக்கிக் காட்டுகிறார். அந்த நேரத்தில் நான்காம் வகுப்பு நேற்று நடந்த பெருக்கலில் ஆறு கணக்குகளைப் போடுகிறது. ஐந்தாம் வகுப்பு வராந்தாவின் நீள அகலத்தை அளவுகோல் கொண்டு அளந்து எழுதிவருகிறது. அடுத்த 12 நிமிடம் ஐந்தாம் வகுப்புக்கு. அவர்கள் அளந்துவந்த எண்களைக் கொண்டே பரப்பளவு நடக்கிறது. மூன்றாம் வகுப்பு இருவர் இருவராகக் குச்சிகளை வைத்துக் கழித்துப் பார்க்கிறது. நான்காம் வகுப்பு குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டு ஆசிரியர் எழுதித்தந்த விடைகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறது. பின் 6 நிமிடம் நான்காம் வகுப்பில் தவறு வந்த கணக்குகளுக்கு. கடைசி 5 நிமிடம் எல்லாக் குறிப்பேடுகளையும் ஒரு பார்வை.

ஆசிரியர் இல்லாத குழுவுக்குக் கொடுக்கும் வேலை முன்பே கற்றுத்தந்ததைப் பழகும் வேலையாக இருக்க வேண்டும். புதியதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் வரிசை கட்டி வந்து நிற்பார்கள். ஒருவர் வந்து விளக்காமலே தொடங்கக்கூடியதாகவும், சரியா தவறா என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நூலகப் புத்தகம் படிப்பது, தானே ஒரு கணக்கு உருவாக்குவது என எப்போதும் மாறாத இரண்டு மூன்று வேலைகள் போதும். பாடநூலைப் பார்த்து எழுதச் சொல்வது இந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றுக்கு உட்படும். ஆனால் அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் அமைதியாக இருப்பதால் அது நல்ல வேலை போலத் தோன்றுகிறது, அவ்வளவே.

நாள்தோறும் எல்லாக் குழுக்களுக்கும் சம நேரம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். மேலே சொன்ன பாடவேளையில் நான்காம் வகுப்புக்குக் கிடைத்தது 6 நிமிடம்தான். மறுநாள் முதல் 12 நிமிடம் அவர்களுக்குப் போக வேண்டும். வார இறுதியில் கணக்குப் பார்த்தால் ஒரு குழுவும் ஆசிரியரோடு உட்காராமலே வாரத்தைக் கடத்தியிருக்கக் கூடாது.

6. சத்தம் தாங்க முடியவில்லையே?

வேலையைப் பற்றிய பேச்சா, வெறும் கூச்சலா என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். இருவர் இருவராகக் கணக்குப் போடும் பிள்ளைகள் பேசத்தான் செய்வார்கள். வெறும் கூச்சல் என்றால் பெரும்பாலும் ஐந்தாவது பதிலில் சொன்ன நிபந்தனைகளில் ஏதோ ஒன்று தவறியிருக்கும். அதட்டல் இரண்டு நிமிடம் தாங்கும். வேலையை மாற்றினால் பாடவேளை முடியும்வரை தாங்கும்.

7. பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யலாமா?

இந்த ஊருக்கு இது புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவர் இந்த வேலையைத்தான் செய்தார். எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர்களுக்கான ஆங்கிலேயர் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல், இங்குள்ள சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகும் முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எழுத்தறிவு தந்த அந்த முறை, மனப்பாடத்தைத் தாண்டிப் போகாததால் காலப்போக்கில் கைவிடப்பட்டது. அந்த வரம்பு இன்றைக்கும் பொருந்தும்.

எழுத்து அட்டையைக் காட்டிச் சொல்லச் செய்வது, படிக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்பது, சொல்வதெழுதுதல் சொல்வது, கணக்கின் விடையை ஒப்பிடுவது ஆகியவற்றைப் பெரிய பிள்ளைகளிடம் விடலாம். புதிய கருத்தை அறிமுகப்படுத்துவதை விடக் கூடாது. ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடம் போதும். எப்போதும் அதே கெட்டிக்காரப் பிள்ளை என்று இல்லாமல் முறை மாறி வரட்டும். சுமாராகப் படிக்கும் நான்காம் வகுப்புப் பையன் முதல் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக்காட்டும்போது இருவருக்குமே அது பயிற்சிதான். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளையிடமே பள்ளியிலும் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறோமா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அது நம்மை அறியாமலே நடந்துவிடுகிறது.

8. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே பாடம் நடத்த முடியுமா?

தலைப்பு ஒன்றாகவும் வேலை வேறாகவும் இருந்தால் முடியும். இலையை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் பள்ளி வளாகத்தைச் சுற்றிப் பூவரசு, புங்கை, வேம்பு, புல் எனக் கீழே உதிர்ந்ததையும் எட்டியதையும் பொறுக்கி வருகிறார்கள். முதல் வகுப்பு ஒரே மாதிரி இலைகளைச் சேர்த்து வைத்து எண்ணுகிறது. இரண்டாம் வகுப்பு இலையைக் காகிதத்தின் அடியில் வைத்து வண்ணத்தால் தேய்த்துப் பதிவெடுத்து, கீழே பெயர் எழுதுகிறது. மூன்றாம் வகுப்பு ஒவ்வோர் இலையின் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கிறது. நான்காம் வகுப்பு அந்த அளவுகளை வாங்கி அட்டவணை ஆக்குகிறது. ஐந்தாம் வகுப்பு பூவரசிலையைக் கட்டத்தாளில் வைத்து வரைந்து, பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தை ஒன்றாகக் கொண்டு, பாதிக்குக் குறைந்ததை விட்டு, பரப்பளவை எண்ணுகிறது. நாம் வேப்பிலை என்று தனித்தனியாக எண்ணுபவை உண்மையில் ஒரே இலையின் சிற்றிலைகள் என்பதையும் அவர்களிடம் அப்போதே சொல்லலாம்.

கதை சொல்வதும் இப்படித்தான். பத்து நிமிடம் எல்லாரும் கதை கேட்கட்டும். பிறகு ஒரு குழு படம் வரையட்டும், ஒரு குழு ஐந்து வரி எழுதட்டும், ஒரு குழு முடிவை மாற்றி எழுதட்டும். பின்னத்தையோ வகுத்தலையோ இப்படி நடத்த முயல வேண்டாம். படிப்படியாகக் கட்டப்படும் பாடங்களுக்கு நிலை வாரிக் குழுதான் சரி; நான்காவது பதிலைப் பாருங்கள்.

9. 4, 5 வகுப்புகளின் அறிவியல், சமூக அறிவியலை ஆண்டு மாற்றி ஆண்டு நடத்தினால் என்ன?

இந்த ஆண்டு இரு வகுப்பும் நான்காம் வகுப்புப் பாடம், அடுத்த ஆண்டு இரு வகுப்பும் ஐந்தாம் வகுப்புப் பாடம் என்ற யோசனை பிற நாடுகளின் சிறு பள்ளிகளில் வெகுகாலமாக வழக்கத்தில் உள்ளது. இந்தப் பாடங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் நம்மிடம் பாடநூலும் பருவத் தேர்வும் வகுப்பு வாரியாக வருகின்றன. இடையில் வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஓர் ஆண்டுப் பாடம் விடுபடும். ஆகவே அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே பருவத்துக்குள் அலகுகளின் வரிசையை மாற்றி, இரு வகுப்புகளுக்கும் நெருங்கிய தலைப்புகளை ஒரே வாரத்தில் கொண்டுவருவதற்குத் தடை ஏதும் இல்லை. பருவத் தொடக்கத்தில் இரண்டு பாடநூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து அரை நாள் உட்கார்ந்தால் இது முடியும் வேலை.

10. செயல்வழிக் கற்றல் அட்டைகள் மூட்டையாகக் கிடக்கின்றன. அவற்றை இப்போது பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆந்திராவின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி நிறுவனம் தன் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கப்பட்டது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படி அட்டவணையில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளையே கண்டுபிடித்து, சின்னத்தைப் பார்த்து அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். பல்வகுப்பு அறைக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணம் குறைவு. நடைமுறையில் பல இடங்களில் ஆசிரியர் அட்டை எடுத்துக்கொடுத்து வாங்கி வைப்பவராகிப் போனார். சேர்ந்து கேட்பதும் சேர்ந்து பேசுவதும் குறைந்தன.

ஆகவே முழு ஏணியையும் மறுபடி தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. இன்றைய பாடத்தோடு பொருந்தும் பயிற்சி அட்டைகளை மட்டும் பிரித்தெடுத்து, ஐந்தாவது பதிலில் சொன்ன ஆசிரியரில்லா நேரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

11. மூன்று வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடக்குறிப்பு எழுதினால் வேறு எதற்கு நேரம் இருக்கும்?

நாளுக்கு ஓர் அட்டவணை போதும். இடப்பக்கம் பாடவேளைகள், மேலே குழுக்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி. நீங்கள் உட்காரும் கட்டத்தை மட்டும் வட்டமிடுங்கள். ஒரே வரிசையில் இரண்டு வட்டங்கள் நெருக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பாடவேளை நடக்காது என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

12. என் மகள் நான்காம் வகுப்பு. அவளை ஏன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறீர்கள்?

பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்விக்கு விளக்கவுரையைவிடக் குறிப்பேடு நல்ல பதில். மகள் எந்தப் பாடத்தில் எந்தக் குழுவில் இருக்கிறாள், எந்த நேரத்தில் நான்காம் வகுப்புப் பாடம் தனியே நடக்கிறது என்பதைக் காட்டுங்கள். அப்படிக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் கவலைப்படுவது நியாயம்தான். பருவத் தொடக்கத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த ஏற்பாட்டைச் சொல்லி, விரும்புகிற பெற்றோரை ஒரு பாடவேளை வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

13. ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறாள். என்ன செய்வது?

எல்லாவற்றிலும் நான்காம் வகுப்போடு சேர்த்து, கணக்குக்கு மட்டும் தனியே நேரம் ஒதுக்குங்கள். ஒரே பிள்ளை என்பதால் அவளுக்கு 12 நிமிடம் வேண்டாம், 6 நிமிடத்தில் நிறைய நடக்கும். ஆனால் அவளே பள்ளியின் நிரந்தர உதவியாளராக மாறிவிடும் வாய்ப்பு மிக அதிகம். ஏழாவது பதிலில் சொன்ன பத்து நிமிட வரம்பு இவளுக்குத்தான் முதலில் தேவை. பக்கத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்போடு மாதம் ஒரு முறை சேர்ந்து ஏதேனும் செய்ய முடிந்தால் நல்லது.

14. மற்ற ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பையும் நான் ஒருவர் எப்படிச் சமாளிப்பது?

வட்டார வள மையத்தில் மாற்று ஏற்பாடு கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆள் வராத நாளுக்கு என்று ஒரு பையை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிரப்பி வையுங்கள். அதில் நிலை வாரியான பயிற்சித் தாள்கள், கதைப் புத்தகங்கள், வண்ணங்கள், எட்டாவது பதிலில் சொன்னது போன்ற மூன்று நான்கு பொதுத் தலைப்புகளின் குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும்.

அன்று புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். காலையில் எல்லாரும் சேர்ந்து கதையும் பாட்டும்; பிறகு பொதுத் தலைப்பு; நடுவே வாசிப்பும் கணக்குப் பயிற்சியும். எல்லாப் பிள்ளைகளையும் பெரியவர் சிறியவர் கலந்த நாலைந்து குழுக்களாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே ஓரளவு பார்த்துக்கொள்ளும். முதல் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் உங்கள் கண் பார்வையை விட்டு அகலக் கூடாது.

15. ஐந்தாம் வகுப்புப் பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். நிலை வாரியாகப் பிரித்தால் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். கூச்சப்பட்டுப் பள்ளிக்கே வர மறுக்கிறான்.

நான்காவது பதிலில் சொன்ன விதி உடைய வேண்டிய இடம் இது. நிலை ஒன்றாக இருக்கலாம். ஆனால் பத்து வயதுப் பையன் கையில் பட அட்டையைக் கொடுத்து, ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவே வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அவன் வரமாட்டான். அதே எழுத்துகளை அவன் வயதுக்குரிய பொருளில் கொடுங்கள்: பேருந்தின் முன்னே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்கள், நியாயவிலைக் கடைப் பலகை, கபடி அணியின் பெயர்ப் பட்டியல், அவனே வாயால் சொல்லி நீங்கள் எழுதித்தந்த நான்கு வரிகள். தான் சொன்னதைத் தானே படிக்கும்போது அடுத்த சொல் என்ன என்று அவனுக்கு முன்பே தெரியும் என்பதால் தயக்கம் பெருமளவு குறைகிறது. காலை வழிபாட்டுக்கு முன்போ மதிய இடைவேளையின் முடிவிலோ தனியே பத்து நிமிடம், நாள் தவறாமல். அறிவியலிலும் விளையாட்டிலும் அவன் தன் வயதினரோடே இருக்கட்டும். கணக்கில் அவன் நன்றாகப் போடுபவன் என்றால் அது எல்லாருக்கும் தெரியட்டும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதே தமிழ்நாட்டின் நடைமுறை. ஆகவே அவன் படித்தாலும் படிக்காவிட்டாலும் வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவான். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார், யாரும் அவனோடு தரையில் உட்கார மாட்டார்கள். எந்தெந்த உயிர்மெய் எழுத்துகளில் தடுமாறுகிறான், எந்த வகைப் பொருளைக் கொடுத்தால் விருப்பத்தோடு படிக்கிறான் என்று அரைப் பக்கம் எழுதி, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் கைக்குச் சேரும்படி தனியே அனுப்பிவையுங்கள்.